தேரும் திரும்பணும், பட்டறை மேசையும் திரும்பணும்

போன மாதம் பூலாம்பாடியில் சித்தப்பாவின் வெல்டிங் பட்டறையில் டிரில்லிங் மெஷின் மேசையைத் தள்ளும்போது ஒரு கேஸ்டர் வீல் மடங்கி, மேசை சாய்ந்துவிட்டது. வேலைக்கு இருந்த பையன் காலை இழுத்துக்கொண்டதால் பிழைத்தான். கழற்றிப் பார்த்தால் சக்கரம் நல்லாத்தான் இருந்தது. மேலே திரும்புகிற தலையில் இருந்த பால்ஸ்தான் கொட்டிப் போயிருந்தது. “சக்கரத்தைப் பார்த்துத்தானே வாங்கினேன்” என்றார் சித்தப்பா. அந்தப் பேச்சுதான் என்னைப் பழைய வண்டிகள் பக்கம் போக வைத்தது.

உருள்வது வேறு, திரும்புவது வேறு. முதல் சிக்கலை மாட்டு வண்டி எப்போதோ தீர்த்துவிட்டது. சக்கரம் பெரிசா இருந்தால்தான் குழியிலும் கரிசல் சேற்றிலும் ஏறி வரும். உராய்வெல்லாம் குடத்துக்குள், அச்சின் மேல். அங்கே வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. கொஞ்சம் மண் போனாலும் தாங்கும். அடிக்கடி மை போடணும், அவ்வளவுதான். திரும்புவதும் சுலபம்: இரண்டே சக்கரம், ஒன்று நிற்க மற்றது சுற்றி வரும்.

நாலு சக்கரம் வந்தால்தான் வம்பு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் சக்கரங்கள் நேராகத்தான் ஓடும். முட்டுக்கட்டை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாற்றுவார்கள். வீதி முக்கில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, தேரையே வழுக்கித் திருப்புவார்கள். யோசித்தால், அந்தத் தகடும் கிரீஸும்தான் அங்கே திரும்புவதற்கான பேரிங். கேஸ்டர் வீலில் அதே வேலை சக்கரத்துக்கு மேலே, தலையில் நடக்கிறது.

பால் பேரிங்கும் வண்டிக்காகத்தான் வந்தது. 1794-இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் வண்டி அச்சுக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். மரச்சாமான் கேஸ்டருக்கு 1876-இல் அமெரிக்காவில் டேவிட் ஃபிஷர் காப்புரிமை வாங்கினார். எனக்குப் பிடித்த கதை 1907-இல் நடந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒரு நெசவாலை களிமண் நிலத்தில் நின்றது. மண் நகர நகர ஷாஃப்ட் கோணியது, பேரிங்குகள் போய்க்கொண்டே இருந்தன. அங்கே பொறியாளராக இருந்த ஸ்வென் விங்விஸ்ட், ஷாஃப்ட்டோடு சேர்ந்து சாய்ந்து கொடுக்கும் பேரிங்கைச் செய்தார். எஸ்.கே.எஃப். நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. தரையைப் பார்த்துத்தான் பேரிங்.

சித்தப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

மேசையும் மெஷினும் சேர்ந்து 300 கிலோ என்றால் 4-ஆல் வகுக்காதீங்க, 3-ஆல் வகுங்க. மேடு பள்ளத் தரையில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஆக, ஒவ்வொன்றும் 100 கிலோவாவது தாங்கணும். வாசல் வரை தள்ளுவதானால் பெரிய சக்கரம். பாரம் அதிகம், வேகம் குறைவு என்றால் ரோலர் பேரிங். கிரைண்டிங் தூள் பறக்கிற இடத்தில் மூடிய பேரிங். தலையில் இரண்டு வரிசை பால்ஸ்.

கடையில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் போதாது. தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்க.