அடையாற்றின் தலைப்பகுதி: ஏரித் தொடரும் கரையோர ஊர்களும்

முன்னுரை

சென்னை மாநகரில் ஆறாக அறியப்படும் அடையாறு, தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஓடையே. அது மலையில் பிறப்பதன்று. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பிய பின் கலங்கல் வழியே வெளியேறும் மிகைநீர் ஒன்றுசேர்ந்து உருவாவது. முடிச்சூர், வரதராசபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து, திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைப் பெற்ற பின்னரே அது பெருகுகிறது. ஆகவே இவ்வோடையின் வரலாறு, ஏரிகளைப் பேணிய ஊர்களின் வரலாறேயாகும்.

பழஞ்சான்றுகள்

முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. அவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. திருநீர்மலையை வெள்ளம் சூழ்ந்திருந்ததால், நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது தலவரலாறு. இது தொன்மமே, எனினும் இந்நிலம் நீர் தேங்கும் இயல்பினது என்னும் நினைவை ஊர்ப்பெயரோடு சேர்த்துக் காத்துவந்துள்ளது.

பேணலும் மாற்றமும்

தொண்டை மண்டலத்தில் ஏரிப் பராமரிப்பு ஊராரின் பொறுப்பாக இருந்தது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் தூர்வாருதலும் கரை வலுப்படுத்தலும் குடிமராமத்து எனப்பட்டன. வழக்கமாக இருந்த இக்கடமையை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடப்பாடாக்கியது.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தாம்பரம் புறநகராக வளர அது வழிவகுத்தது. பின்வந்த காலத்தில் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. ஏரிநீரை எதிர்நோக்கிய உழவர் இருந்த இடத்தில், அந்நீர் விரைந்து வடிய வேண்டுமென எதிர்பார்க்கும் குடியிருப்போர் வந்தனர். ஏரியைக் கண்காணிக்கும் தேவையுடையோர் குறைந்தனர். மிகைநீர் பரவி நிற்கும் நிலமும் சுருங்கியது.

2015 திசம்பர் 1, 2 நாள்களில் தாம்பரத்தில் ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. அதன்பின் ஓடை அகலப்படுத்தப்பட்டது, மூடுகால்வாய்களும் அமைக்கப்பட்டன. இவை நீரை விரைந்து கடத்துவன. ஏரிக்கு உரியோரை மீண்டும் உருவாக்குவன அல்ல.

முடிவுரை

2019இல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபின், முடிச்சூர் அம்மாவட்டத்திலும் வரதராசபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அமைந்தன. நீரால் இணைந்த ஊர்கள் நிருவாகத்தால் பிரிந்துள்ளன. இவ்வூர்களுக்கு வெள்ளம் புதிதன்று. வெள்ளத்துக்கு நிலமும் ஏரிக்குப் பொறுப்பாளரும் இல்லாமையே புதிது. ஏரித் தொடர் முழுவதையும் ஒன்றாகக் கருதி, கரையோர மக்களுக்கும் பங்களிக்கும் ஓர் அமைப்பே அக்குறையை நீக்கும்.