யூஎஸ்ஆர் ஏன் தனியா இருக்கு? பார்ட்டிஷன் பிறந்த கதை

புதுசா லினக்ஸ் போட உட்கார்ந்தா, இன்ஸ்டாலர் நடுவுல நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும்: டிஸ்க்கை எப்படிப் பிரிக்கட்டும்? ஒருத்தர் ரூட், ஹோம் ரெண்டு போதும்பார். இன்னொருத்தர் பூட், யூஎஸ்ஆர், வார், டெம்ப், ஸ்வாப்னு துண்டு துண்டா போடச் சொல்வார். இத்தனை துண்டு எங்கிருந்து வந்துச்சு?

1971. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸ். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கம்ப்யூட்டரில் யூனிக்ஸை ஓட்டுறாங்க. மெமரி 24 கேபி, டிஸ்க் 512 கேபி. உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோகூட அதுல அடங்காது. அதே மிஷினை நம்பித்தான் கம்பெனியோட பேட்டன்ட் பிரிவு டைப்பிங் வேலையும் நடந்தது!

சிஸ்டம் ஒரு டிஸ்க்கில், யூசர்களோட ஃபைல்கள் இன்னொரு டிஸ்க்கில். ரெண்டாவதுக்குப் பேர் யூஎஸ்ஆர். யூசர்ங்கிறதோட சுருக்கம்தான் அது. 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்'னு சிலர் சொல்ற விரிவெல்லாம் பிறகு ஒட்டவச்சது. இன்னைக்கு ஹோம் பார்க்கிற வேலையை அன்னைக்கு யூஎஸ்ஆர் பார்த்தது. சிஸ்டம் வளர வளர முதல் டிஸ்க்கில் இடம் போதல. மிச்சக் கட்டளைகளை யூஎஸ்ஆருக்குள்ள கொண்டுபோய் வச்சாங்க, நம்ம வீட்டுச் சாமானைப் பக்கத்து போர்ஷன்ல அடுக்குற மாதிரி. பின், யூஎஸ்ஆர் பின்னு ரெண்டு இடம் வந்தது இப்படித்தான். ஆனா ரெண்டாவது டிஸ்க்கை இணைக்கிற மவுன்ட் கட்டளை மட்டும் முதல் டிஸ்க்குலயே இருந்தாகணும். இல்லன்னா பெட்டியைப் பூட்டிட்டு சாவியை உள்ளேயே வச்ச கதைதான்.

டிஸ்க் பெருசாச்சு, பழக்கம் போகல. ஃபெடோரா 2012ல்தான் ரெண்டையும் ஒண்ணாக்கியது. டெபியன் 2023 வரை இழுத்தது.

பூட் கதை சின்னது. 90களின் பிசி பயாஸ் டிஸ்க்கோட முதல் 1024 சிலிண்டரைத் தாண்டிப் படிக்காது. கெர்னல் அதுக்கு அந்தப் பக்கம் இருந்தா மிஷின் கிளம்பாது. அதனால டிஸ்க்கோட தொடக்கத்திலேயே ஒரு குட்டி பார்ட்டிஷன். ஸ்வாப்பும் இப்போ கட்டாயத் துண்டு இல்ல, உபுண்டு 17.04லேயே அது சாதாரண ஃபைலா மாறிடுச்சு.

இப்போ 256 ஜிபி லேப்டாப்ல பழைய பட்டியலை அப்படியே போட்டா என்ன ஆகும்? ஹோம்ல 100 ஜிபி சும்மா கிடக்கும், ரூட் நிரம்பி அப்டேட் பாதியில நிக்கும். தாம்ப்சனுக்கு வேற வழியில்லாம வந்த நெருக்கடியை நாம காசு கொடுத்து வாங்குறோம்!

என் கணக்கு இது: ரூட்டுக்கு 60 ஜிபி, மிச்சம் முழுக்க ஹோம். யூஇஎஃப்ஐக்கு வேண்டிய குட்டித் துண்டை இன்ஸ்டாலரே போட்டுக்கும். சிஸ்டத்தையும் யூசர் ஃபைலையும் பிரிச்ச அந்த முதல் காரணம் மட்டும் இன்னும் செல்லும். நாளைக்கே வேற டிஸ்ட்ரோவுக்கு மாறினாலும், ஹோமை ஃபார்மேட் பண்ணாம விட்டா உங்க ப்ராஜெக்ட்டும் போட்டோவும் அப்படியே இருக்கும். ஆனா இதை பேக்கப்னு நினைச்சுடாதீங்க. டிஸ்க் செத்தா ரெண்டு துண்டும் சேர்ந்துதான் போகும். பிரிக்கிறதுக்கு முன்னாடியே வெளி டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வச்சுடுங்க.