சட்டத்துக்குப் புறம்பு: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் வரலாறு

ஆங்கில அகராதியை விரிப்போர்க்கு 'அன்லோபுல்', 'இல்லீகல்', 'இல்லிசிற்' என்னும் மூன்று சொற்களும் ஒருபொருட் பன்மொழி போலவே தோன்றும். தமிழிற் பெயர்ப்போரும் மூன்றனையும் 'சட்டவிரோதமான' என்ற ஒன்றினுள் அடக்கிவிடுதல் வழக்கம். ஆயின் இவை ஒரே காலத்திற் பிறந்தனவல்ல. ஒரே மொழியிலிருந்து வந்தனவுமல்ல. இத்தகைய சொல்லொன்றுக்கு நீதிபதி கொண்ட பொருளைப் பற்றிக்கொண்டு மனிதரின் உயிரும் உடைமையும் ஊசலாடிய காலங்கள் இங்கிலாந்தின் வரலாற்றிற் பல உள.

சட்டத்தைக் குறிக்கும் 'லோ' என்னும் சொல்லே ஆங்கிலேயர் தம் மொழியிற் பிறந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் அப்பொருளில் வழங்கியவை 'ஏ', 'டோம்' என்பன. 878ஆம் ஆண்டில் எடிங்டன் போரில் அல்பிரட் மன்னன் டேனியரை வென்றானாயினும், நாட்டின் கிழக்கும் வடகிழக்கும் அவர்தம் குடியிருப்புக்களாகவே நிலைத்தன. அப்பகுதி, டேனியர் சட்டம் செல்லும் நிலம் என்னும் பொருளில், 'டேன்லோ' எனப் பெயர்பெற்றது. அவர்கள் மொழியிலிருந்து வந்த 'லாகு' என்னும் சொல், 'வைக்கப்பட்டது, நிலைபெற இடப்பட்டது' என்னும் அடிப்பொருளுடையது. தமிழிற் சட்டம் என்பது விதியையும் மரச்சட்டத்தையும் ஒருங்கே குறித்தல் ஈண்டு நினைவிற்கு வரலாம். இன்று 'பைலோ' எனப்படும் துணைவிதியும் டேனியர் விட்டுச்சென்றதே. 'பை' என்பது ஊர். டார்பி, விற்பி, கிறிம்ஸ்பி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அதுவே. ஆகவே பைலோ என்பது ஊர்ச்சட்டம். அதனைப் பெருஞ்சட்டத்தின் பக்கத்தே நிற்கும் சிறுசட்டம் என்று கருதுவது பிற்காலத்தார் மயக்கமேயாம்.

'லாகு' வந்தபின் அதன் எதிர்ச்சொல்லும் வந்தது. 'அன்லாகு' என்பது அது. 1023ஆம் ஆண்டில் மறைந்த யோர்க் நகரத்து அதிமேற்றிராணியார் வுல்வ்ஸ்ரன் இச்சொல்லைத் தம் பிரசங்கங்களில் வன்மையாக ஆண்டார். கனூற் மன்னனுக்கு அவர் வரைந்து கொடுத்த சட்டங்களிலும் அது காணப்படும். சட்டத்தை மீறிய குடிமகன் செயலை அச்சொல் முதன்மையாகக் குறித்ததில்லை. எளியோர்மீது அதிகாரிகள் சுமத்தும் நெறியற்ற வழக்கமே 'அன்லாகு'. கொடுங்கோன்மை, முறைகேடு என்னும் தமிழ்ச் சொற்கள் அதற்கு அணியன. சட்டமின்மை ஆள்வோரிடத்தும் தோன்றக்கூடும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே சொல்லளவில் வேரூன்றியிருந்தமை கருதற்பாலது.

குடிமகனைக் குறித்த சொல் 'அவுற்லோ' என்பதாம். அதுவும் டேனியர் வழி வந்ததே. இக்காலத்தில் அது கொள்ளைக்காரனையும் காட்டிற் பதுங்கும் வீரனையும் நினைவூட்டும். அன்று அது ஒரு தீர்ப்பு. நீதிமன்றத்துக்கு வருக என்று அழைக்கப்பட்டும் வாராதவனைக் கோட்ட மன்றில் ஐந்து முறை பெயர்கூறி அழைப்பர். ஐந்தாம் அழைப்புக்கும் வாரானாயின் அவன் சட்டத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவனாவான். அவனுடைய பொருள் அரசனைச் சேரும். நிலம் ஓராண்டும் ஒரு நாளும் அரசன் கையிலிருந்து, பின்னர் அதன் மேலாளனான பிரபுவிடம் மீளும். அவனுக்கு உணவளிப்பதும் குற்றம். அவன் ஓநாய்த் தலை தாங்கியவன் என்று பழைய சட்டநூல்கள் கூறும். ஓநாயைக் கொன்றவனை எவரும் வினவார் என்பதே அதன் கருத்து. 14ஆம் நூற்றாண்டளவில் இக்கொடுமை தளர்ந்து, அவ்வாறு நிறுத்தப்பட்டவனைக் கொல்வதும் கொலையே என்று கொள்ளப்பட்டது. 1215ஆம் ஆண்டின் மகாசாசனம், சுதந்திரமான மனிதன் எவனும் ஒத்தாரின் முறையான தீர்ப்பாலோ நாட்டின் சட்டத்தாலோ அன்றி இந்நிலைக்கு ஆளாக்கப்படலாகாது என விதித்ததும் இதன் கடுமையை உணர்ந்தேயாம்.

பெண்களை 'அவுற்லோ' ஆக்குவதில்லை. இரக்கத்தால் எழுந்த விலக்கன்று இது. பன்னிரண்டு வயதடைந்த ஆண்மகன் சட்டத்துக்கு அமைவேன் என ஆணையிட்டு அதனுட் புகுவான். பெண்ணுக்கு அவ்வாணை இல்லை. சட்டத்தினுள் முறையாகப் புகாதவளைப் புறத்தே தள்ளுவது எங்ஙனம்? ஆதலின் அவள் 'கைவிடப்பட்டவள்' எனப்பட்டாள். பெயர் வேறாயினும் பட்ட துன்பம் ஒன்றே.

இத்தண்டனையின் பிற்கால வரலாற்றில் ஜோன் வில்க்ஸ் என்பாரின் வழக்குச் சுவையானது. அரசாங்கத்தைத் தாக்கி எழுதிய குற்றத்துக்காகத் தேடப்பட்டுப் பிரான்சிலிருந்த அவர், 1764ஆம் ஆண்டில் சட்டத்துக்குப் புறம்பானவரெனப் பறைசாற்றப்பட்டார். 1768இல் அவர் மீண்டு வந்தபோது, மான்ஸ்பீல்ட் பிரபு அத்தீர்ப்பைத் தள்ளினார். கோட்ட மன்றம் எந்தக் கோட்டத்தினது என்பதை அதிகாரியின் பத்திரம் முறைப்படி குறிக்கவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். ஒருவனைச் சட்டத்திலிருந்து நீக்குவதற்குச் சட்டம் எழுத்துப் பிசகாது கைக்கொள்ளப்படல் வேண்டும் என்பது வழக்கறிஞர் நுணுக்கம் போலத் தோன்றலாம். வில்க்சுக்கு அது பயன் தந்தது. ஆயினும் மூலக்குற்றத்துக்காக இருபத்திரண்டு மாதச் சிறையிலிருந்து அவர் தப்பவில்லை. குடியியல் வழக்குகளில் இம்முறை 1879இலும், குற்றவியல் வழக்குகளில் 1938இலுமே ஒழிந்தது.

1066ஆம் ஆண்டின் நோர்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சும் இலத்தீனும் நீதிமன்றத்தினுட் புகுந்தன. 'பெலனி' என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் தலைவனுக்குச் செய்த துரோகத்தைக் குறித்துப் பின்னர்ப் பெருங்குற்றத்தின் பெயராயிற்று. 'அனுமதி உண்டு' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து 'இல்லிசிற்' வந்தது. அது சட்டத்தை மாத்திரமன்றி ஒழுக்கத்தையும் தழுவி நிற்பது. 'இல்லீகல்' 17ஆம் நூற்றாண்டின் சொல். அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே பெரும்போர் மூண்ட நூற்றாண்டு அது. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தில் அச்சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. பாராளுமன்றத்தின் இசைவின்றிச் சட்டங்களை நிறுத்திவைத்தலும், அரசனின் தனியுரிமை என்று கூறி வரி தண்டலும் 'இல்லீகல்' என்று அங்கே அறையப்பட்டன. வுல்வ்ஸ்ரனின் 'அன்லாகு' வேறோர் உடையில் மீண்டு வந்தது எனலாம்.

ஒரு செயலைக் குற்றம் என்பதும், சட்டம் அதற்குத் துணைநில்லாது என்பதும் ஒன்றல்ல. 'இல்லீகல்' என்னும் சொல் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கியமையால் விளைந்த துன்பம் பெரிது. மெக்காலே முதலில் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை, குற்றமாயிருப்பதும், சட்டத்தால் விலக்கப்பட்டதும், குடியியல் வழக்குக்கு இடந்தருவதும் 'இல்லீகல்' ஆகும் என வரையறை செய்திருந்தது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அதனை அடியொற்றி எழுந்ததே. இங்கிலாந்திலோ அத்தகைய பொதுவரையறை இருக்கவில்லை. 1867ஆம் ஆண்டில் ஹோண்பி எதிர் குளோஸ் என்னும் வழக்கு எழுந்தது. கொதிகலன் செய்வோர் சங்கத்தின் பிராட்போட் கிளைக்குரிய இருபத்துநான்கு பவுண் அளவான பணத்தை அதன் பொருளாளர் கொடாது வைத்துக்கொண்டார். 'இல்லீகல்' அல்லாத நோக்கமுடைய சங்கங்கள் நீதவானிடம் முறையிட்டுப் பணத்தை மீட்கலாம் என 1855ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. இச்சங்கத்தின் விதிகள் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளிப்பன. ஆதலின் தொழிலின் சுதந்திரத்துக்குத் தடையாவன. அவை குற்றமல்லவாயினும் 'இல்லீகல்' என்று நீதிபதிகள் தீர்த்தனர். நோய்க்கும் முதுமைக்கும் ஈமச் செலவுக்குமெனத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துக்குக் காவலில்லை என்ற செய்தி நாடெங்கும் சங்கங்களை நடுங்கவைத்தது.

1871ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இதற்குப் பரிகாரம் தேடியது. அச்சட்டத்தை வரைந்தோரின் விழிப்புப் பாராட்டற்குரியது. தொழிலுக்குத் தடை என்னும் காரணத்தால் மாத்திரம், உறுப்பினர் குற்றவழக்குக்கு ஆளாகும் வகையில் சங்கத்தின் நோக்கங்கள் 'அன்லோபுல்' ஆகா என ஒரு பிரிவும், உடன்படிக்கைகள் பயனற்றுப்போகும் வகையில் 'அன்லோபுல்' ஆகா என அடுத்த பிரிவும் அமைந்தன. ஒரே சொல்லை இருமுறை கூறி, இரு பொருள்களையும் தனித்தனியே அடைத்தனர்.

அச்சொல்லின் வினையடை வடிவம் ஒரு மருத்துவரைக் காத்ததும் உண்டு. 'சட்டத்துக்கு மாறாக'க் கருவைச் சிதைப்பவன் தண்டனைக்குரியவன் என்பது 1861ஆம் ஆண்டின் சட்டம். 1938இல் படைவீரர் சிலராற் கெடுக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அலெக் போண் என்னும் இலண்டன் மருத்துவர் சிகிச்சை செய்து, அதனைத் தாமே அதிகாரிகளுக்கு அறிவித்தார். விசாரித்த மக்னாற்றன் நீதிபதி, சட்டத்தில் அச்சொல் பொருளின்றி நிற்கவில்லை என்று யூரர்க்கு எடுத்துரைத்தார். மாறாகச் செய்வது ஒன்று உண்டெனின், மாறின்றிச் செய்வதும் ஒன்று உண்டு. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நன்னோக்கத்தோடு செய்வது அத்தகையது. உடலும் உள்ளமும் சிதைந்துபோகாமற் காத்தலும் அதனுள் அடங்கும் என்பது அவர் கொண்ட பொருள். மருத்துவர் விடுதலையானார்.

ஐம்பத்துமூன்று ஆண்டுகளின் பின் வந்த வழக்கிலோ அதே சொல் பொருளற்றதாகக் கொள்ளப்பட்டது. 1976ஆம் ஆண்டின் சட்டம், பெண்ணின் இசைவின்றி நிகழும் 'அன்லோபுல்' கூட்டுறவையே வன்புணர்ச்சிக் குற்றமென வரையறுத்திருந்தது. திருமணத்துக்குப் புறம்பான கூட்டுறவையே அச்சொல் குறிக்கும். ஆதலின் கணவன் மனைவியை வலிந்து கூடுதல் இக்குற்றமாகாது என எதிரியின் தரப்பில் வாதிக்கப்பட்டது. 1736இல் அச்சேறிய ஹேல் என்னும் நீதிபதியின் நூலும் கணவன் பக்கமே நின்றது. பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1991ஆம் ஆண்டில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இசைவின்றிக் கூடுதல் எவராற் செய்யப்படினும் சட்டத்துக்கு மாறானதே. எனவே 'அன்லோபுல்' அவ்விடத்து மிகைச்சொல்லாய் நிற்கின்றது என்று அவர்கள் தீர்த்தனர். 1994ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் அவ்வரையறையைத் திருத்தியபோது அச்சொல்லை நீக்கிவிட்டது.