எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்: அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தனியாள் சாதனைகளும் மட்டக்களப்புக் கூடைப்பந்தாட்டமும்

2016 டிசம்பர் 17 அன்று லாஸ் வேகாஸ் நகரில் நடந்த போட்டியொன்றில், சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனல் பம்ஃப்ரி அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் பந்தை ஏந்தி அதிக தூரம் ஓடியவர் என்று அறிவிக்கப்பட்டார். நான்கு பருவங்களில் அவர் சேர்த்தது 6,405 கெஜம். அதுவரை முதலிடத்தில் இருந்த விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ரொன் டேய்ன் 1996 முதல் 1999 வரை ஓடியதாக ஏட்டில் இருந்தது 6,397 கெஜம். எட்டுக் கெஜத்தில் முதலிடம் கைமாறியது. டேய்ன் மைதானத்தில் ஓடிய தூரமோ 7,125 கெஜம். மீதி 728 கெஜத்தை அவர் பருவ முடிவில் நடக்கும் ‘போல்’ போட்டிகளில் ஓடினார். 2002க்கு முன்னர் அப்போட்டிகளின் எண்களைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தனியாள் கணக்கில் சேர்க்கவில்லை. பம்ஃப்ரியின் கணக்கில் அவை சேர்ந்தன. விதி மாறியபோது பழைய ஏடுகள் திருத்தப்படவில்லை. விஸ்கொன்சின் தன் சொந்த ஏட்டில் இன்றும் 7,125 என்றே எழுதிவைத்திருக்கிறது.

விளையாட்டுச் செய்தியாளருக்கு இது ஒரு சுவையான வம்பு. ஆய்வாளருக்கு இதில் வேறொரு பொருள் இருக்கிறது. தனியாள் சாதனை எண் என்பது வீரரின் உடலிலிருந்து நேரே ஏட்டுக்கு வருவதில்லை. எதை எண்ணுவது, எப்போதிலிருந்து எண்ணுவது, யாருக்காக எண்ணுவது என்று ஓர் அலுவலகம் முடிவு செய்த பிறகே அது பிறக்கிறது. அப்படியானால், எண் இல்லாத இடத்தில் திறமையும் இல்லை என்று கொள்வது தவறு. மட்டக்களப்பு வாவிக் கரைப் பாடசாலைகளின் கூடைப்பந்தாட்டத்தை வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

முதலில் அமெரிக்க ஏட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கல்லூரி உதைபந்தாட்டத்தின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் 1937 பருவத்துடன் தொடங்குகிறது. ஹோமர் குக் என்பவர் தொடங்கிய பணியகமே அதற்கு அடிப்படை. அந்த முதல் ஆண்டில் ஓட்டத்தில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற கொலராடோவின் பைரன் வைட் 1,121 கெஜம் ஓடினார். 1924 ஒக்டோபரில் மிச்சிகனுக்கு எதிராக முதல் பன்னிரண்டு நிமிடங்களில் நான்கு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்ற இலினோயின் ரெட் கிரேஞ்ச், 1937க்கு முந்தியவர் என்பதால் அதிகாரபூர்வத் தரவரிசைக்கு வெளியே நிற்கிறார். அவர் பெயர் பத்திரிகையில் வாழ்கிறது, அட்டவணையில் இல்லை.

1972 முதல் முதலாண்டு மாணவரும் முதன்மை அணியில் ஆடலாம் என்றாயிற்று. மூன்று ஆண்டு வாழ்க்கை நான்காண்டாக நீண்டது. அதற்குப் பின் வந்த பிட்ஸ்பர்க்கின் டோனி டோர்செட் 6,082 கெஜத்துடன் முதலாவதாக ஆறாயிரத்தைக் கடந்தார். இன்னொன்று: எதிரணியினர் பந்தை எறிய முனைபவரைப் பின்னால் மடக்கி வீழ்த்தினால் இழந்த தூரம் கல்லூரிக் கணக்கில் அவருடைய ஓட்டத்திலிருந்து கழிக்கப்படும். தொழின்முறைக் கழகங்களில் அது எறிதலின் கணக்கில் கழியும். ஒரே வீழ்ச்சி, இரண்டு பற்று. போல் போட்டிச் சிக்கல் ஒற்றைப் பருவச் சாதனையிலும் உண்டு: 1988இல் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரி சாண்டர்ஸ் பதினொரு போட்டிகளில் 2,628 கெஜம் ஓடினார். 2024இல் பொய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் அஷ்டன் ஜென்டி பதினான்கு போட்டிகளில் 2,601 வரை வந்தார். ஜென்டியின் கணக்கில் போல் போட்டியும் உண்டு. சாண்டர்ஸ் போல் போட்டியில் ஓடிய 222 கெஜம் அவர் கணக்கில் இல்லை. ஜென்டி முறியடித்திருந்தால் எதை முறியடித்திருப்பார் என்பது கேட்கத்தக்க கேள்வி.

இங்கே கவனிக்க வேண்டியது, கெஜம் போட்டியின் புள்ளி அல்ல என்பதே. முந்நூறு கெஜம் ஓடியும் ஓர் அணி தோற்கலாம். தூரத்தை யாரும் எழுதாவிட்டாலும் வெற்றி தோல்வி மாறாது. ஆகவே கெஜக் கணக்கு போட்டிக்குத் தேவையானதல்ல, வெளியாருக்குத் தேவையானது. பத்திரிகைக்கு அது வேண்டும். சிறந்த கல்லூரி வீரருக்கென 1935இல் தொடங்கிய ஹைஸ்மன் விருதின் வாக்காளருக்கு வேண்டும். 1936 முதல் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் தொழின்முறைக் கழகங்களுக்கு வேண்டும். இந்த மூன்றும் வரிசையாக அமைந்த காலத்திலேயே எண்ணும் பணியகமும் தோன்றியதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இனி மட்டக்களப்பு. புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 முதலும் புனித மைக்கல் கல்லூரி 1873 முதலும் இருக்கின்றன. மைக்கல் கல்லூரியை நடத்திய இயேசு சபையினர் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர். பின்னர் வந்தவர்கள் அச்சபையின் அமெரிக்க நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தினர். லூசியானாவின் ஜெனிங்ஸில் 1923இல் பிறந்த அருட்தந்தை யூஜின் ஹெபர்ட் 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு மைக்கல் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். அதே சபையின் இன்னொரு அமெரிக்கரான அருட்தந்தை வெபரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. இவர்கள் வளர்ந்த நாட்டில் கல்லூரி விளையாட்டின் தனியாள் எண்கள் அதற்குள் பத்தாண்டுக்கு மேலாக அதிகாரபூர்வமாக வெளிவந்துகொண்டிருந்தன. விளையாட்டைக் கொண்டுவந்தார்கள், பயிற்சி முறையைக் கொண்டுவந்தார்கள். எண்ணும் பழக்கம் மட்டும் கப்பலேறவில்லை. மைக்கல் கல்லூரியின் கூடைப்பந்துப் புகழ் ஊரறிந்தது; அது கிண்ணங்களாலும் பயிற்றுநர் பெயராலும் சொல்லப்படும் புகழ். ஒருவர் தம் பாடசாலை வாழ்க்கையில் மொத்தம் எத்தனை புள்ளி எடுத்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதற்கு எளிதாக ஒரு பண்பாட்டு விளக்கம் தரலாம். கிழக்கின் மரபு கூட்டு மரபு, கொம்புமுறி விளையாட்டைப் பாருங்கள் என்பார்கள். கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய அந்த விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வளைந்த மரக்கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி இரு பக்கமும் இழுக்கும். எந்தச் சேரியின் கொம்பு முறிந்ததோ அந்தச் சேரி தோற்றது. இழுத்தவர் பெயர் எவருக்கும் நினைவில்லை, சேரியின் பெயர் நிற்கும். விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. இதே வாவிக் கரைப் பையன் கிரிக்கெட் மட்டையைத் தொட்டதும் தன் சராசரியைத் தசமத்தோடு சொல்வான். வடக்கிலும் அப்படியே: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமரில் யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்பதைப் பழைய மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரே சமூகம் ஒரு விளையாட்டில் தனியாளை எண்ணி இன்னொன்றில் எண்ணாமல் விட்டால், காரணத்தைச் சமூகத்தின் ஆன்மாவில் தேடிப் பயனில்லை.

காரணம் தாளில் இருக்கிறது. கிரிக்கெட்டில் தனியாள் கணக்கு எழுதாமல் அணியின் கணக்கே வராது. ஓட்டம் எடுத்தவர் பெயருக்கு எதிரே குறித்துக் கூட்டினால்தான் மொத்தம் ஒப்புக்கொள்ளப்படும். அமெரிக்க உதைபந்தாட்டம் மறுமுனை. கூடைப்பந்தாட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சர்வதேசச் சம்மேளனத்தின் புள்ளித்தாளைக் கையிலெடுங்கள். வலப்பக்கம் 1 முதல் ஏறுவரிசையில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கூடை விழுந்ததும் பதிவாளர் அணியின் புதிய மொத்தத்தின் மேல் ஒரு சாய்கோடு இழுப்பார். தண்டப்புள்ளி என்றால் கோட்டுக்குப் பதில் நிரப்பிய வட்டம். பக்கத்துக் கட்டத்தில் எறிந்தவரின் சட்டை இலக்கத்தை எழுதுவார். மூன்று புள்ளி எறிதல் என்றால் அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். ஆக, ஒவ்வொரு புள்ளியும் யாருடையது என்பது தாளிலேயே இருக்கிறது. தனியாள் மொத்தத்தை ஒரு மாலை நேரத்தில் கூட்டிவிடலாம். பந்தை மீட்டவர், கூடைக்கு வழிசெய்து கொடுத்தவர் எவரும் அந்தத் தாளில் இல்லை. கூடைக்கடியில் நின்று தடுத்துக்கொண்டே வாழ்ந்த உயரமான பையன் அங்கே வெறும் தவறுகளின் பட்டியலாகத்தான் தெரிவான்.

அப்படியிருந்தும் யாரும் ஏன் கூட்டவில்லை? கூட்டினால் வாங்குவார் இல்லை. நம் நாட்டில் விளையாட்டு வீரருக்கு எதிர்காலத்தில் கைகொடுப்பது சான்றிதழ். விளையாட்டுத் திறமைக்காகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்திருக்கும் விசேட அனுமதி, பெற்ற இடத்தையும் போட்டியின் மட்டத்தையும் கேட்கிறது. முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் கல்வியமைச்சின் சுற்றறிக்கை, பழைய மாணவர் பிரிவில் பெற்றோரின் இணைப்பாடவிதானச் சாதனைகளுக்கும் புள்ளி தருகிறது. தகப்பன் வென்ற சான்றிதழ் இருபது ஆண்டு கழித்து மகனுக்குப் பாடசாலை வாசலைத் திறக்கிறது. வேறெந்த நாட்டிலும் ஒரு விளையாட்டுப் பதிவுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் உண்டா தெரியவில்லை. ஆனால் அணி அகில இலங்கையில் இரண்டாம் இடம் பெற்றால் இருபத்தெட்டுப் புள்ளி எடுத்தவனுக்கும் வாங்கிலில் இருந்தவனுக்கும் ஒரே வாசகம்தான் அச்சாகும். தனியாள் பதிவு நம்மிடம் இல்லை என்பது சரியல்ல. இருக்கிறது, அது எண்ணாக இல்லாமல் அணியின் பங்காக இருக்கிறது. இதை முற்றிலும் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. தன் புள்ளிக்காகப் பந்தைக் கொடுக்காமல் வைத்திருக்கும் வியாதிக்கு இந்த முறையில் இடம் குறைவு.

தாளின் கதையில் ஊரின் கதையும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி நகரின் கூரைகளைப் பிடுங்கியது. 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய ஹெபர்ட், உடன்வந்த தமிழ் இளைஞனோடு காணாமற்போனார். உள்நாட்டுப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் இந்த நகரில் ஆள்வாரியாக, பெயர்வாரியாகப் பதிவு எழுத வேண்டியிருந்தது வேறொன்றுக்காக. ஹெபர்டைப் போலவே 1948இல் வந்து 2019 புத்தாண்டு நாளில் மறைந்த அருட்தந்தை பெஞ்சமின் மில்லர், காணாமற்போனோரின் விவரங்களை மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்துகொண்டு சேகரித்தவர். அப்படிப்பட்ட காலத்தில் கூடைப்பந்துத் தாளை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

இப்போது செய்யக்கூடியது உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் புள்ளித்தாள்களையும் பத்திரிகை நறுக்குகளையும் படமெடுத்துத் திரட்டலாம். திரட்டும்போது அமெரிக்கர் செய்யத் தவறியதை நாம் செய்ய வேண்டும்: எண்ணோடு அதன் விதியையும் எழுதுவது. சர்வதேச விதியில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1984இல், அது 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப்போனது 2010இல். இருபது நிமிடப் பாதிகள் இரண்டு, பத்து நிமிடக் கால்கள் நான்காக மாறியது 2000இல். ஹெபர்ட் இங்கே வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளி. அந்தத் தலைமுறையின் எறியாளரை இன்றைய மாணவனோடு ஒரே பட்டியலில் வைத்தால் டேய்னுக்கு நடந்ததே நடக்கும். காலத்துக்கொரு பட்டியல், ஒவ்வொன்றின் தலையிலும் அன்றைய விதி, எந்தப் போட்டிகள் சேர்ந்தன, எவை சேரவில்லை என்ற குறிப்பு: இவ்வளவு போதும். இதற்குப் பெரும் பணமோ பணியகமோ தேவையில்லை. தாள் கையில் வைத்திருப்பவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். சங்கங்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.