பவளத்திட்டுகளின் சமூகவழிப் பாதுகாப்பு: பொருளியல்

பவளத்திட்டை அண்டி வாழும் மீனவச் சமூகம் அதன் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதைத் தானே தடைசெய்து, காவற்செலவையும் கிடைக்கும் பலனையும் தனக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகளின் வரவு செலவை ஆராய்வது கடல்வளப் பொருளியலின் ஒரு பிரிவாகும். எவரும் நுழையக்கூடிய கடற்பரப்பில் ஒருவர் விட்டுவைக்கும் மீனை மற்றொருவர் பிடித்துவிடுவதால் அளவோடு பிடிப்பவருக்கே இழப்பு நேர்கிறது என்பதைக் கனடியப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954இல் விளக்கினார். விட்டுவைத்த மீன் தமக்கே திரும்பும் என்ற உறுதியை மீனவர்க்கு அளிப்பதே சமூக ஏற்பாட்டின் பொருளியல் சாரம்.

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவை அடுத்துள்ள ஆபோ என்னும் சிறு தீவு. சில்லிமான் பல்கலைக்கழக உயிரியலாளர் ஆஞ்செல் அல்காலாவும் அவருடைய குழுவினரும் தீவினருடன் நெடுநாள் பேசியதன் பயனாக, 1982இல் திட்டின் ஏறத்தாழ 10 விழுக்காடு பகுதி மீன்பிடியிலிருந்து விலக்கப்பட்டது. மூடிய பகுதி சிறிதாதலால் கைவிட்ட வருமானம், அதாவது வாய்ப்புச் செலவு, குறைவு. குடியிருப்பின் கண்ணெதிரே அது இருந்ததால் காவற்செலவும் குறைவு. மீன் பெருகி வெளியே பரவப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இடைக்காலத்தைத் தாங்கும் பொறுமையே உண்மையில் மீனவர் இட்ட முதலீடு.

இத்தகைய தடையின் பலனை மறுபக்கத்திலிருந்து காட்டியது அருகிலுள்ள சுமிலோன் தீவு. 1974 முதல் காக்கப்பட்ட அதன் காப்பகம் உள்ளூர் அரசியல் மாற்றத்தால் 1984இல் திறந்துவிடப்பட்டது. பாறைகளைக் கல்லால் இடித்து மீனை வலைக்குள் விரட்டும் 'முரோ-ஆமி' முறையும் அங்கே நுழைந்தது. மீன்பிடிக்கும் பரப்பு விரிந்தும், சுற்றியிருந்த மீனவரின் மொத்தப் பிடிப்பு இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. காப்பகம் மீனவரிடமிருந்து பறிக்கிறது என்னும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது.

ஆபோவில் பின்னர் முக்குளிப்புச் சுற்றுலாவின் வருமானமும் சேர்ந்தது. 1994இல் தீவு தேசியப் பாதுகாப்புப் பகுதியானபின், நுழைவுக் கட்டணத்தில் 75 விழுக்காடு அப்பகுதிக்கும் எஞ்சியது மத்திய நிதிக்கும் என வகுக்கப்பட்டது. சமூகம் தானே எடுத்த முடிவுகள் அரசு வாரியத்துக்குக் கைமாறியது பாதுகாப்பின் அடிப்படையான உரிமையுணர்வைத் தளர்த்தக்கூடியது.

எந்தக் கட்டணமும் காவலும் தடுக்க முடியாத இழப்பும் உண்டு: 2011, 2012ஆம் ஆண்டுகளின் சூறாவளிகளில் ஆபோவின் காப்பகப் பகுதியே கடுமையாகச் சிதைந்தது.