அச்சத்தின் கால அளவு: சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு நோக்கு

மலையக மக்களின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் ஆண்டு முறைப்படி நிரற்படுத்துவர். அவ்வரலாறு அம்மக்களின் உடலில் ஏற்படுத்தியிருக்கக்கூடிய விளைவு யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரையில் இவ்வினா தவிர்க்கவியலாதது. நுவரெலியாவைப் போலத் தமிழர் செறிந்து வாழும் பகுதியன்று சப்ரகமுவ. இங்குத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடப்பன. நாட்டில் இனப்பகை மூண்டபோதெல்லாம் இம்மக்கள் தனித்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1977 ஆகஸ்டில் மூண்ட வன்செயல்கள் இத்தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் அவை மீண்டும் நிகழ்ந்தன. 1983 ஜூலையில் நாடே எரிந்தது. லயன் அறைகளை விட்டோடியோர் காடுகளிலும் தேயிலை மலைகளிலும் இரவுகளைக் கழித்தனர். பலர் வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களிற் குடியேறினர். அத்தகைய ஓர் இரவின் அச்சம் மனித உடலை என்ன செய்யும்?

அச்சம் உடலை உடனடியாக நலிவிக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆய்வுகள் காட்டுவது வேறு. ஆபத்தை எதிர்ப்பட்ட உடல் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகின்றது என்பதை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதிரனலீன் சுரந்ததும் மண்ணீரல் முதலிய இடங்களிலிருந்து வெண்குருதிக்கலங்கள் குருதியோட்டத்திற் புகுகின்றன. அவற்றுள் இயற்கைக் கொல்கலங்கள் எனப்படுவன சில நிமிடங்களிலேயே பெருகுகின்றன. காயமும் கிருமியும் நேரக்கூடிய வேளையில் காவலரைக் களத்துக்கு அனுப்புவது போன்ற செயல் இது. ஆபத்து நீங்கியதும் இந்நிலை விரைவிலேயே தணிகின்றது.

நியூயோர்க்கின் ரொக்பெலர் பல்கலைக்கழகத்தில் தபாரும் மக்கீவனும் 1990களில் எலிகளை ஆராய்ந்தனர். இரண்டு மணிநேர நெருக்கடி தோலின் நிர்ப்பீடனத்தை வலுப்படுத்தியது. வாரக்கணக்கில் நீண்ட நெருக்கடி அதனை ஒடுக்கியது. அச்சத்தின் விளைவை அதன் கால அளவே தீர்மானித்தது.

நாள்களாக நீளும் நெருக்கடி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவரை 1980களில் ஆராய்ந்த கீக்கோல்ட்-கிளேசரும் கிளேசரும், தேர்வுக்காலத்தில் இயற்கைக் கொல்கலங்களின் செயற்றிறன் குறைவதைக் கண்டனர். செல்டன் கோகன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 276 தொண்டர்களின் மூக்கினுட் தடிமன் வைரசு செலுத்தப்பட்டது. ஒரு மாதத்துக்குட் குறுகிய கடுந்துயர் கண்டோருக்கு நோய்வாய்ப்பு மிகவில்லை. வேலையின்மை போன்ற துயர் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தோருக்கே அது மிகுந்தது.

இவ்வளவுகோலைத் தோட்ட வரலாற்றின்மீது வைத்து நோக்குதல் தகும். வன்செயல்கள் நாள்களாலும் வாரங்களாலும் அளக்கப்படுவன. அவற்றுக்கு முன்னும் பின்னும் இருந்த நிச்சயமின்மையோ தலைமுறைகளால் அளக்கப்படுவது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை முடிவாகவில்லை. பிரட்டுக்களத்தில் விடியலிற் பெயர் கொடுத்துப் பால்வெட்டச் சென்ற தொழிலாளிக்குத் தன் பிள்ளை எந்நாட்டுக்குரியது என்பது தெரியாதிருந்தது. ஆபத்து நீங்கியதென்று உடலுக்கு அறிவிக்கும் நாள் அவ்வாழ்வில் வரவில்லை. இடையறாத நெருக்கடியிற் கோட்டிசோல் ஓமோனின் ஒழுங்கு குலையும். நிர்ப்பீடனத்தின் சமநிலையும் பிறழும்.

எனினும் நோயனைத்தையும் மனத்தின்மேற் சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1934-35இல் இலங்கையைப் பீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. ஈரவலய மக்களுக்கு அந்நோயை முன்னர் அதிகம் எதிர்கொண்டதாற் கிட்டும் நிர்ப்பீடனம் இருக்கவில்லை, பஞ்சமும் உடன்நின்றது. ஆதலின் உணவு, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றை மறந்து மனநெருக்கடியை மட்டும் பேசுவது, பொறுப்புடையோரைத் தப்பவிடுவதாகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கி ஓர் அச்சத்துக்கு முடிவு கட்டியது. ஆனால் 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புலத்கொஹுபிட்டியவில், களுப்பகனைத் தோட்டத்து லயன் அறைகள் மண்சரிவிற் புதையுண்டன. சரிவோரத்து அறைகளில் உறங்குவோருக்கு ஒவ்வொரு மழைக்காலமும் அச்சத்தைப் புதுப்பிக்கின்றது. ஓர் இரவின் அச்சத்தைத் தாங்குமாறு மனித உடல் அமைந்துள்ளது. அரைநூற்றாண்டின் அச்சத்தை அன்று. அதனை முடிவுறச் செய்யும் மருந்து மருந்தகத்தில் இல்லை. உறுதியான நிலவுரிமையும், சரியாத நிலத்தில் ஒரு வீடும், அஞ்சாது உறங்கத்தக்க அயலுறவுமே அம்மருந்தாகும்.