கோரிப்பாளையத்தின் இரண்டு வாசல்கள்

வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில், பனகல் சாலையில், அரசு இராசாசி மருத்துவமனை. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று தொடங்கிப் பெயர் மாறிய அந்த இடம் மதுரைச் சீமை மக்களுக்கு இன்றும் பெரியாஸ்பத்திரிதான். இரவெல்லாம் தூங்காமல் தனக்குத்தானே பேசும் மகனையோ, கையைக் கீறிக்கொள்ளும் மகளையோ அழைத்துக்கொண்டு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறும் பெற்றோருக்கு இந்த இரண்டு வாசல்களும் தெரியும். அதற்கு முன்பே ஊர்க் கோடாங்கியிடம் குறி கேட்டிருப்பார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்திருப்பார்கள், மேலமடைப் பாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருப்பார்கள். வாசல்களுக்கு இங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு வாசலில் நடந்ததை அடுத்த வாசலுக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் ஆள்தான் இருந்ததில்லை. மனநலச் சிக்கலுள்ள இளம்வயதினரை இந்தப் பகுதி கடந்த நூறாண்டுகளில் எப்படி நடத்தியது என்று பார்த்தால், அறியாமையை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. இழைகளை யார் சேர்த்துப் பிடித்தார்கள், பிடித்தவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதுதான் பிள்ளைகளின் கதியைத் தீர்மானித்திருக்கிறது.

அரசு திறந்து வைத்த வாசல்களிலிருந்து தொடங்கலாம். கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் வந்த மனநோய் விடுதிதான் வெகுகாலத்துக்கு மதுரைக்காரர்களுக்கும் கதி. 1912-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே ஒருவரைக் கட்டாயமாகச் சேர்க்க மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். அந்தச் சட்டம் 1993 வரை நடைமுறையில் இருந்தது. தன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கும் தாய் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும், பிறகு நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றால் எத்தனை தாய்மார் அந்த வழியில் போயிருப்பார்கள்? இளம்வயதினருக்கென்று வந்த இன்னொரு சட்டம் 1920-ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். இந்திய மாகாணங்களில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது இதுதான். குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்ததற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த வாசலிலும் முதலில் நின்றது போலீஸ்காரர்தான். பதினைந்து வயதுப் பையன் திருடினால் ஒரு சட்டம், சித்தம் கலங்கினால் ஒரு சட்டம். இரண்டும் கலந்திருந்தால், அதாவது சித்தக் கலக்கத்தினாலேயே வீட்டைவிட்டு ஓடி, பசியினால் திருடியிருந்தால், அவன் எந்தச் சட்டத்தின் பிள்ளை என்பது அவனை முதலில் பிடித்தவரைப் பொறுத்ததாகிவிட்டது.

அதே 1920-இல், மதுரைக்கு மேற்கே, இழைகளையெல்லாம் ஒரே கையில் சேர்த்த ஏற்பாடு ஒன்றும் உருவானது. மனநலத்தைப் பேசும் இடத்தில் இதைச் சொல்வது சிலருக்கு விலகலாகத் தோன்றலாம். எனக்கு இது விஷயத்தின் நடுவில் இருப்பதாகவே படுகிறது. பிரமலைக் கள்ளர் சமூகத்தைக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்ய முயன்ற அரசு, எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டது. 16 பேர் உயிரிழந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். அதையொட்டி வளர்ந்ததுதான் கள்ளர் சீரமைப்புத் திட்டம். பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, கூட்டுறவுக் கடன், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் அதில் உண்டு. ஒரு சிறுவனின் படிப்பும், அவன் தகப்பனின் நடமாட்டமும், குடும்பத்தின் பிழைப்பும் ஒரே நிர்வாகத்தின் பார்வைக்குள் வந்தன. சமூகத்துக்குள்ளேயே, பல துறைகளை இணைத்து, இளம்வயதினரின் நடத்தையைத் திருத்துவது என்று இன்று திட்ட அறிக்கைகளில் எழுதப்படுவது அன்றே இங்கே நடந்திருக்கிறது. அந்தப் பள்ளிகள் பல தலைமுறைகளைப் படிக்க வைத்தன என்பதை மறைக்கக் கூடாது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் அடியில் இருந்த எண்ணம், இந்தப் பிள்ளைகள் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்பது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் குடும்பங்கள் இருந்தன. கேள்வி கேட்கும் இடத்தில் காவல்துறை இருந்தது. சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தை நீக்கிய பிறகும் அந்த அவமானத்தின் நினைவு போகவில்லை. ஒருங்கிணைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அது நன்மையே செய்யும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கம் போய், பெருங்காமநல்லூர் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இழைகளை யாருமே பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. ராமநாதபுரம் வழியாகக் கடலோரத்துக்குப் போனால் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது அடங்கிய தர்கா. அங்கே தங்கி, ஓதிய தண்ணீரையும் விளக்கெண்ணெயையும் மருந்தாகக் கொண்டு, விடுதலையின் அறிகுறியாகக் கனவு வரக் காத்திருப்பது வழக்கம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே நம்பிக்கையோடு வந்தார்கள். தொடக்கத்தில் குடும்பமும் கூடவே தங்கியது. பிழைப்பை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இருக்க முடியாதவர்கள் பணம் கொடுத்து ஒப்படைக்கத் தொடங்கியபோது, தங்கும் இடங்கள் மனநலக் காப்பகங்கள் என்ற பெயரை எடுத்துக்கொண்டன. உரிமம் இல்லை, மருத்துவர் இல்லை, வந்து பார்க்கும் அதிகாரி இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அத்தகைய ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களில் பலர் ஏர்வாடிக்கு வருமுன் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். கடுமையான மனநோய்களில் பெரும்பாலானவை பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுகின்றன. இறந்தவர்களின் கதைகளைச் சங்கிலியிலிருந்து படிக்கத் தொடங்குவது தவறு. அதற்குப் பத்து வருடம் முன்னால், வகுப்பறையில் ஒரு பையன் திடீரென்று பேச்சை நிறுத்திய நாளிலிருந்து படிக்க வேண்டும்.

ஏர்வாடிக்கு நேர்ந்தது புனிதத் தலத்தைச் சுற்றி வளரும் எந்தப் பராமரிப்புக்கும் நேரக்கூடியது என்று சொல்பவர்கள் உண்டு. பெல்ஜியத்தில் உள்ள கேல் என்ற ஊரின் கதை அதை மறுக்கிறது. புனித டிம்ஃப்னாவின் ஆலயத்துக்குச் சித்தம் கலங்கியவர்களை இடைக்காலத்திலிருந்தே அழைத்து வந்தார்கள். ஆலயத்தில் இடம் போதாதபோது ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். அதுவரை ஏர்வாடியின் கதையேதான். ஆனால் 1850-களில் அரசு அந்த ஏற்பாட்டைப் பொறுப்பேற்று, 1862-இல் ஒரு சிறு மருத்துவமனையைக் கட்டி, வீடுகளுக்குச் சென்று பார்க்க ஆட்களை நியமித்தது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு அங்கே குடும்பங்களோடு வாழ்ந்த நோயாளிகள் மூவாயிரத்துக்கும் மேல். வீட்டுக்காரர், மருத்துவர், ஆலயம் ஆகிய மூவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களிலேயே வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் உறவினர் ஒருவர் கூட இருப்பதையே சிகிச்சையின் பகுதியாக ஆக்கியது. கேலுக்கும் ஏர்வாடிக்கும் நம்பிக்கையின் அளவில் வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. கேலில் போய்ப் பார்க்க ஓர் ஆள் இருந்தார்.

இங்கே பகுத்தறிவு சார்ந்த ஓர் ஆட்சேபம் எழும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தர்காவையும் கோயிலையும் பராமரிப்பின் கண்ணிகளாக ஏற்றுக்கொண்டால் மூடநம்பிக்கைக்கு அரசு முத்திரை குத்தியதாகாதா? வேப்பிலை அடியிலும் சாட்டையடியிலும் துன்பப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் தங்கும் இடம் எல்லாமே அப்படியில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் தொடர்ந்து கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், மருந்தில்லாமலே, நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் அதைச் சாமியின் சக்தி என்று சொல்லவில்லை. மிரட்டாத, ஆதரவான சூழல் தந்த பலன் என்றார்கள். ஒப்பிடுவதற்கு மறுதரப்பு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதைக் கொண்டு கோயிலே போதும் என்று வாதிட முடியாது. சாப்பாடு, அமைதி, கூடவே இருக்கும் சொந்தக்காரர் ஆகியவை மருந்துக்குத் துணை நிற்கும் என்று வாதிடலாம். தீ விபத்துக்குப் பின்னாளில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. துஆ என்ற பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து நடக்கட்டும் என்றார்கள். வீட்டார் ஒரு வாசலை விட்டால்தான் மறு வாசல் திறக்கும் என்று நிபந்தனை போட்டால், பெரும்பாலும் அவர்கள் மருத்துவமனையைத்தான் விடுகிறார்கள். இந்த நடைமுறை உண்மையைப் பகுத்தறிவாளர்களும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மதுரையில் இந்த வேலைக்கு ஆட்களே இல்லை என்பதும் சரியில்லை. கேப்டன் டி.வி.பி. ராஜா நிறுவிய சமூக அறிவியல் கல்லூரி பல பத்தாண்டுகளாகச் சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, நோயாளியை ஊருக்கே தேடிச் சென்று பார்ப்பதையும் மறுவாழ்வையும் இந்தப் பகுதியில் பழக்கப்படுத்தியது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்து, பிறகு மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் விரிந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, வீட்டாரோ துணையாளோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்கிறது. வித்யா சாகர் கூடாரத்தில் செய்ததைச் சட்டம் எழுதிக்கொள்ள அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிக்கலான பிள்ளையின் பாதை எப்படி இருக்கிறது? பதினாறு வயதில் கஞ்சாப் பழக்கம், படிப்பில் இடைநிற்றல், வீட்டில் வன்முறை, இடையிடையே தற்கொலை முயற்சி என்று எல்லாம் சேர்ந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம். இடைநிற்றலைப் பார்ப்பது பள்ளிக் கல்வித் துறை. மருந்து தருவது சுகாதாரத் துறை. போலீசில் பிடிபட்டால் இளைஞர் நீதிக் குழுமம். வீட்டைவிட்டு ஓடினால் குழந்தைகள் நலக் குழு. இரண்டும் குழந்தைகள் நலத்தைப் பார்க்கும் ஒரே துறையின் பக்கம். உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. ஐந்து கோப்புகளிலும் அதே பெயர் இருக்கும். ஐந்தையும் சேர்த்துப் படித்தவர் எவரும் இருக்க மாட்டார். அவன் தாய்தான் அந்த வேலையைச் செய்கிறாள், கூலி வேலைக்கு லீவு போட்டு, பாலித்தீன் பையில் மருந்துச் சீட்டுகளைச் சுமந்துகொண்டு. 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அவர்கள் எல்லாருக்கும் இத்தனை துறைகள் தேவைப்படாது. தேவைப்படும் சிலருக்குத்தான் எதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை.

மனநல மருத்துவர்களே போதாதபோது இணைப்பதற்கென்று தனி ஆள் ஆடம்பரம் என்பார்கள். மருத்துவர் குறைவாக இருப்பதனால்தான் அந்த ஆள் வேண்டும் என்பேன். மருந்தைப் பாதியில் நிறுத்திய பையனின் வீட்டுக் கதவைத் தட்டவும், தலைமையாசிரியரிடம் பேசி அவனுக்கு மறுபடி இடம் கேட்கவும், பாண்டி கோயிலுக்குப் போய் வரட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும் என்று பாட்டியிடம் சொல்லவும் எம்.டி. பட்டம் தேவையில்லை. காசநோய்க்கு வீடு வீடாக மாத்திரை கொண்டுபோன மாநிலம் இது. 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவம் போகிறது. ஆடம்பரம் என்ற ஆட்சேபத்தைவிட வலுவானது, அப்படி ஒரே ஆளிடம் எல்லாத் தகவலும் சேர்வது மறுபடி கண்காணிப்பாகிவிடும் என்ற அச்சம். பெருங்காமநல்லூரை நினைவில் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டே தீருவார்கள், கேட்கவும் வேண்டும். அதனால்தான் அந்தப் பணியாளர் காவல்துறையின் கீழோ பணம் வாங்கும் காப்பகத்தின் கீழோ இருக்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஊழியராக இருக்க வேண்டும். கோப்பு அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் திறக்கப்பட வேண்டும். வீட்டார் வேண்டாம் என்றால் ஆளை மாற்றித் தர வேண்டும்.

மதுரை மாவட்ட நிர்வாகம் இதைப் பெரிய திட்டமாகத் தொடங்க வேண்டியதில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு சமூகப் பணியாளரை நியமிக்கட்டும். வாரத்தில் சில நாள் தர்கா வாசலிலும் மற்ற நாள்களில் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலும் அவர் உட்காரட்டும். இரண்டுக்கும் இடையே அவர் நடந்தே போய்விடலாம்.